சதுர அடியும் வட்ட வாயும்

உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு பனையோலைக் கடகம் இருந்தால் அதை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அதன் அடி சதுரமாக இருக்கும். இனி அதை நிமிர்த்தி வைத்து வாயைப் பாருங்கள். வாய் வட்டமாக இருக்கும். சதுரம் எந்த இடத்தில் முடிந்தது, வட்டம் எந்த இடத்தில் தொடங்கியது என்று விரலால் தடவித் தேடினால் அப்படி ஓர் இடம் அகப்படாது. ஓலையை இழைத்த இடத்தில் ஆணி இல்லை; பசை இல்லை. ஆயினும் அந்தக் கடகம் நிறைய நெல்லையோ மாங்காயையோ கொட்டித் தலையில் சுமந்து செல்லலாம்.

இந்தக் கடகத்தைப் பார்த்தவுடன் நம் மனத்தில் மூன்று கேள்விகள் எழ வேண்டும். பசையும் ஆணியும் இல்லாமல் ஓலைகள் ஏன் பிரிந்து விழுவதில்லை? தட்டையான ஓலையிலிருந்து குழிவான பாத்திரம் எப்படி உண்டாகிறது? சதுரம் எப்படி வட்டமாகிறது? இந்த மூன்றுக்கும் விடை நீங்கள் வகுப்பில் படிக்கும் பௌதிகத்திலும் கேத்திரகணிதத்திலுமே இருக்கிறது. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தீவும் பனையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு முதலிய தீவுகள் உள்ளன. இவை சுண்ணாம்புக்கல் நிலங்கள். ஆறு கிடையாது. மூங்கிற் காடோ பிரம்புக் காடோ கிடையாது. வரட்சியையும் உப்புக் காற்றையும் தாங்கி நிற்பது பனை. எனவே பிற நாட்டார் மூங்கிலாலும் பிரம்பாலும் நாணலாலும் செய்துகொண்ட பாண்டங்களையெல்லாம் இத்தீவுகளின் மக்கள் பனையோலையாலேயே செய்துகொண்டார்கள்.

சுமை தூக்கக் கடகம், தானியம் வைக்கப் பெட்டி, பனங்கட்டி வைக்கக் குட்டான், வெற்றிலையும் சில்லறையும் வைக்கக் கொட்டப்பெட்டி, பொருள்களைக் கையில் கொண்டு செல்ல உமல் என்னும் பை, மீனவருக்குப் பறி, புடைக்கச் சுளகு, படுக்கப் பாய், பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி. நீத்துப்பெட்டி கூம்பு வடிவானது என்பதை நீங்கள் அறிவீர்கள். கூம்புக்கு ஒரு வசதி உண்டு. பானையின் வாய் சிறிதானாலும் பெரிதானாலும் கூம்பு எங்காவது ஓரிடத்தில் பொருந்தி நின்றுவிடும். நீராவி பின்னலின் நுண்ணிய இடைவெளிகளால் மேலே ஏறும். ஈரமான மா ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால் கீழே விழாது.

ஓலை ஏன் நீளவாட்டில் கிழிகிறது?

பனையோலை ஒன்றை நீளவாட்டில் கிழியுங்கள். நேராக, இலகுவாகக் கிழியும். இனிக் குறுக்கே கிழிக்க முயலுங்கள். இலகுவில் முடியாது. காரணம் என்ன?

ஓலையின் நார்கள் யாவும் நீளவாட்டிலேயே ஓடுகின்றன. நார்கள் செலுலோசு என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. அச்சங்கிலியை நீளவாட்டில் இழுத்து அறுப்பது கடினம். ஆனால் அடுத்தடுத்துள்ள நார்களைப் பிணைத்து நிற்கும் பொருள் அவ்வளவு உறுதியானதன்று. ஆகவே நாரும் நாரும் பிரிகின்றன. திசைக்குத் திசை வலிமை மாறுபடும் இத்தகைய பொருள்கள் இயற்கையில் பல உள்ளன. விறகு பிளக்கும்போது கோடரியை எந்தத் திசையில் போடுவோம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு திசையில் மட்டும் வலிய பொருளைக் கொண்டு இரு திசைகளிலும் வலிய தகடு ஒன்றைச் செய்வது எப்படி? ஒன்றை நெடுக்காகவும் மற்றொன்றைக் குறுக்காகவும் வைக்க வேண்டும். ஒட்டுப்பலகை செய்வோர் மரத் தகடுகளை இவ்வாறே மாற்றி மாற்றி ஒட்டுகின்றனர். படகு கட்டப் பயன்படும் கண்ணாடியிழைத் தகட்டிலும் இதே உத்தி உண்டு. இரண்டிலும் பசை வேண்டும். ஓலைப் பின்னலில் மட்டும் பசை வேண்டுவதில்லை.

இழைப்பதற்குப் பெரும்பாலும் வடலிகளின் இளம் ஓலையையே வெட்டுவர். இன்னும் விரியாத குருத்தோலைக்குள் வெளிச்சம் புகுவதில்லை. எனவே அதில் பச்சையம் உண்டாவதில்லை. ஓலை வெளிறி இருக்கும். அதன் கலச்சுவர்களில் விறைப்பைத் தரும் இலிக்னினும் முற்றியிருக்காது. ஆகவே மடித்தால் உடையாது. ஓலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமான கீலங்களாகக் கிழித்துக்கொள்வர். இழைக்கும்போது சற்று ஈரப்படுத்திக்கொள்வர். நீர் மூலக்கூறுகள் செலுலோசுச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றைச் சற்று நழுவவிடுகின்றன. அதனால் ஓலை வளைகிறது. நீர் உலர்ந்ததும் வளைத்த வடிவத்திலேயே அது விறைத்துவிடுகிறது.

ஆணியும் இல்லை, பசையும் இல்லை

குறிகட்டுவான் துறையில் படகு கட்டுவதைப் பார்த்தவர்கள் உங்களுள் இருக்கலாம். அலை படகை இழுக்கிறது. கரையில் நிற்பவர் கயிற்றைத் தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மற்ற முனையை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு கைப்பலம் அத்தனை பெரிய படகை எப்படி நிறுத்துகிறது?

விடை உராய்வு. கயிற்றுக்கும் தூணுக்குமிடையே உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுச் சுற்றினால் கையில் பிடிக்கும் இழுவையைப் போல் ஏறத்தாழ 6.6 மடங்கு இழுவையைத் தாங்கலாம். இரண்டு சுற்றுக்கு 13.2 மடங்கு என்று நினைப்பீர்கள். அப்படியன்று. 6.6 ஐ 6.6 ஆற் பெருக்க வேண்டும்; ஏறத்தாழ 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ 285 மடங்கு. சுற்றுகள் கூட்டல் முறையில் ஏற, பிடிப்புப் பெருக்கல் முறையில் ஏறுகிறது. இங்கே கணக்கில் வருவது கயிறு திரும்பிய மொத்தக் கோணம் மட்டுமே. தூண் பருத்ததா மெலிந்ததா என்பது கணக்கில் வருவதில்லை.

இனி ஓலைக்கு வருவோம். பின்னலில் ஒரு கீலம் அடுத்த கீலத்தின் மேலே ஏறி, அதற்கடுத்ததன் கீழே இறங்கிச் செல்கிறது. ஏறியிறங்கும் ஒவ்வொரு கடவையிலும் அது சிறிது வளைகிறது. கீலத்தின் அகலம் அரைச் சதமமீற்றர் என்றும், ஒவ்வொரு கடவையிலும் அது 10 பாகை வளைகிறது என்றும் கொள்வோம். 36 கடவைகளைத் தாண்டியதும் வளைந்த மொத்தக் கோணம் 360 பாகை. அதாவது தூணில் ஒரு முழுச் சுற்று. 36 கடவைகளுக்கு வேண்டிய நீளம் 18 சதமமீற்றர் மட்டுமே. அரை மீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளத்தில் மூன்று சுற்றுகள் வந்துவிடும்.

தூணைப் போலக் கீலங்கள் அசையாமல் நிற்பவையல்ல. ஆதலால் இதை ஒரு பருமட்டான கணக்கென்றே கொள்ள வேண்டும். ஆயினும் உண்மை இதிலிருந்து விளங்குகிறது. கடகத்தின் வாயில் மிஞ்சும் நுனிகளை மடித்து மறுபடி பின்னலுக்குள் செருகிவிடுவர். அந்த நுனியில் இருக்கும் சிறு பிடிப்பே உள்ளே பல மடங்காகப் பெருகிப் பாரத்தைத் தாங்குகிறது. மேலும், பாரம் கூடக் கூடக் கீலங்கள் ஒன்றையொன்று கூடுதலாக அழுத்துகின்றன, உராய்வும் கூடுகிறது.

கீலத்தை இரு மடங்கு அகலமாக்கினால் என்னவாகும்? அதே நீளத்தில் கடவைகள் பாதியாகும். தடிப்பு மாறாததால் ஒவ்வொரு கடவையிலும் வளையும் கோணமும் ஏறத்தாழப் பாதியாகும். எனவே மொத்தக் கோணம் காற்பங்காகக் குறையும். 18 சதமமீற்றரில் 6.6 மடங்கு கிடைத்த இடத்தில் 1.6 மடங்கே கிடைக்கும். நுண்ணிய இழைப்பு உறுதியானது என்று இழைப்பவர்கள் சொல்வதன் பௌதிகம் இதுவே.

மூலையில் நடப்பது என்ன?

இதை நீங்களே செய்து பாருங்கள். சதுரக் கோடிட்ட கணிதக் கொப்பியிலிருந்து ஒரு தாளை எடுங்கள். கோடுகள் வெட்டும் ஒரு புள்ளியைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புள்ளியைச் சுற்றி நான்கு சதுரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 90 பாகை. மொத்தம் 360 பாகை. ஆகவே தாள் தட்டையாக இருக்கிறது. இனி அப்புள்ளியிலிருந்து தாளின் காற்பங்கை வெட்டி நீக்கிவிட்டு, வெட்டிய இரு ஓரங்களையும் ஒன்றோடொன்று பொருத்துங்கள். தாள் தட்டையாக நிற்காது. பெட்டியின் மூலை போல எழும்பிவிடும். இப்போது அப்புள்ளியைச் சுற்றி மூன்று சதுரங்களே உள்ளன, 270 பாகை. குறைந்துபோன 90 பாகையை அம்மூலையின் கோணக் குறைவு என்போம்.

கடகம் இழைப்பவர் எதையும் வெட்டுவதில்லை. முதலில் தட்டையாக ஒரு சதுரத்தை இழைக்கிறார். பின்னர் அதன் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வலமாகவும் இடமாகவும் நிற்கும் கீலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு இழைக்கிறார். அவ்விடத்தில் நான்கு கண்கள் சந்திப்பதற்குப் பதில் மூன்றே சந்திக்கின்றன. உடனே பின்னல் மேலெழுந்து சுவராகிறது. அந்த நடுப்புள்ளிகள் நான்குமே கடகத்து அடியின் நான்கு மூலைகள். சுவரில் கீலங்கள் சாய்வாக ஏறிச் செல்வதற்கும் காரணம் இதுவே. கடகத்தைப் பார்த்து இதைச் சரிபாருங்கள்.

மூலைகள் நான்கு, ஒவ்வொன்றிலும் குறைவு 90 பாகை, மொத்தம் 360 பாகை. இந்த மொத்தம் சரியாக 360 ஆக இருக்கும்போது சுவர் நிமிர்ந்து நிற்கும்.

அப்படியானால் வட்டம் எங்கிருந்து வந்தது? அடியில் ஓலை மூலைகளில் மடிந்தேயாக வேண்டும். மேலே போகப் போக அந்தக் கட்டாயம் இல்லை. விறைப்பான நாடா ஒன்றை வளைத்து இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் அது எங்கும் ஒரே அளவாக வளைந்து வட்டமாக நிற்கும். ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக மடிவதை அது எதிர்க்கும். சுவரும் அவ்வாறே மூலைகளிலிருந்து விலக விலக வட்டத்தை நாடுகிறது. சுவரின் கடவைகள் கதவுப் பிணைச்சலைப் போலச் சற்றுத் திரும்பக் கூடியவை. சதுரக் கண்கள் சரிந்து சாய்சதுரமாகலாம். சாய்வாக நிற்கும் கண்கள் அகலவாட்டில் விரிந்தால் வாய் சற்று அகன்றுகொடுக்கும். பருத்திச் சீலைத்துண்டு ஒன்றை நூலின் திசையிலும் மூலைக்கு மூலையும் இழுத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். கடைசியாக, கடகத்தின் வெளிப்புறத்தில் பனைமட்டை நாரால் பொத்தி, வடிவம் குலையாமல் இறுக்குவர்.

720 என்னும் எண்

இனி மூடியுள்ள ஒரு குட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நான்கு மூலைகள். மூடியும் கவிழ்த்து வைத்த பெட்டியே. அதற்கும் நான்கு மூலைகள். எட்டு மூலைகளின் மொத்தக் கோணக் குறைவு 720 பாகை.

வேறு திண்மங்களுக்கும் இதைக் கணித்துப் பாருங்கள். சமபக்க முக்கோணங்கள் நான்கால் ஆன நான்முகியில் நான்கு மூலைகள். ஒவ்வொரு மூலையிலும் மூன்று 60 பாகைக் கோணங்கள் சந்திக்கின்றன, கூட்டினால் 180. குறைவு 180. நான்கு மூலைகளுக்கும் சேர்த்து மறுபடியும் 720! இது தற்செயலன்று. முழுமையாக மூடிய, துளையற்ற எந்தப் பன்முகத் திண்மத்துக்கும் மூலைகளின் மொத்தக் கோணக் குறைவு 720 பாகையே. இதைக் கண்டறிந்தவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் தேக்காட்டு. ஆள்கூற்றுக் கேத்திரகணிதத்தை நமக்குத் தந்தவரும் அவரே.

வேறு தீவுகளுக்குப் போவோம். யப்பானில் மூங்கிற் கூடைகளை இரு திசைகளில் அன்றி மூன்று திசைகளிற் பின்னும் ஒரு முறை உண்டு. அதில் அறுகோணக் கண்கள் தோன்றும். யப்பானியர் அதைக் ‘ககோமே’ என்பர்; கூடைக் கண் என்பது பொருள். 1951இல் இச்சிரோ சியோஜி என்னும் யப்பானியப் பௌதிகவியலாளர், அணுக்கள் இதே அமைப்பில் நின்றால் அவற்றின் காந்த இயல்பு எப்படியிருக்கும் என்று ஆராய்ந்தார். அன்று முதல் உலகெங்கும் பௌதிகவியலாளர் அந்த அணியமைப்பைக் கூடையின் பெயராலேயே வழங்குகின்றனர்.

மலாய்த் தீவுகளில் காலால் விளையாடும் பந்தொன்றைப் பிரம்பாற் பின்னுவர். அப்பந்தில் ஐங்கோணத் துளைகள் உள்ளன. எண்ணிப் பார்த்தால் 12 இருக்கும். இன்று செயற்கை இழையாற் செய்யும் பந்திலும் 12 தான். ஏன் 12? அறுகோணக் கண்கள் மட்டுமே உள்ள பின்னல் தட்டையாகவே இருக்கும். ஓர் அறுகோணத்தை ஐங்கோணமாக்கினால் அங்கே 60 பாகை குறையும், பின்னல் குவியும். முழுதாக மூடுவதற்கு 720 வேண்டும். 720 ஐ 60 ஆல் வகுத்தால் 12.

1985இல் குரோட்டோ, கேர்ள், சுமோலி ஆகிய விஞ்ஞானிகளும் அவர்களுடைய மாணவர்களும் 60 காபன் அணுக்களாலான கோள வடிவ மூலக்கூறு ஒன்றைக் கண்டுபிடித்தனர். அதன் அணுக்கள் ஐங்கோணங்களாகவும் அறுகோணங்களாகவும் கோக்கப்பட்டுள்ளன. அறுகோணங்கள் 20. ஐங்கோணங்கள் எத்தனை என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். இதற்காக அம்மூவருக்கும் 1996இல் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. பிரம்புப் பந்து பின்னியவர் அணுவைப் பற்றி அறிந்திருக்கவில்லை. எனினும் பந்து மூடிக்கொள்ள எத்தனை ஐங்கோணம் வேண்டும் என்பதை அவருடைய கை அறிந்திருந்தது.

கை அறிந்தது ஏட்டில் ஏறவேண்டும்

2021இல் ஒரு பௌதிக ஆய்விதழில் வெளியான கட்டுரையை இங்கே குறிப்பிட வேண்டும். நேரான நாடாக்களாற் பின்னினால் ஐங்கோணம் உள்ள இடங்களில் உருவம் முனைகொள்கிறது. முதலிலேயே வளைவாக வெட்டிய நாடாக்களாற் பின்னினால் வழுவழுப்பான உருண்டையும் கிடைக்கும் என்பது அக்கட்டுரையின் முடிபு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழினுட்ப நிறுவனத்தில் பெட்ரோ ரெயிஸ் என்பாரின் குழுவினர் செய்த ஆய்வு அது. கட்டுரையாசிரியர்களின் வரிசையில் இரண்டாவதாக உள்ள பெயர் அலிசன் மார்ட்டின். அவர் கூடை பின்னும் கலைஞர்.

நம் தீவுகளின் நிலை என்ன? 1978இல் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அதன் பின் வந்த நீண்ட போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காக எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் பலர் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். அதற்கிடையில் பிளாஸ்டிக் வாளியும் பொலித்தீன் பையும் வீடுகளுக்குள் வந்துவிட்டன. அவை மலிவானவை, நனைந்தாலும் பழுதாகாதவை. ஓலையோ ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சியும் அரிக்கும். இந்த உண்மைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓலை மண்ணோடு மண்ணாகும், பொலித்தீன் ஆகாது. இலங்கையில் மெல்லிய பொலித்தீன் பைகளுக்கு 2017இல் தடை கொண்டுவந்தது அதனாலேயே.

உமலொன்றின் விலை கூடவென்று சொல்வோர் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கட்டும். இரண்டு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் உள்ள பாயில், கீலத்தின் அகலம் ஒரு சதமமீற்றர் என்றால், கடவைகள் 20,000. ஒரு கடவைக்கு ஒரு விநாடி என்றே வைத்தாலும் ஐந்தரை மணி நேரம் ஓயாமல் இழைக்க வேண்டும். ஓலை வெட்டி, உலர்த்தி, கீலமாக்கிய நேரம் இதிற் சேரவில்லை. அரைச் சதமமீற்றர்க் கீலமானால் கடவைகள் 80,000 ஆகிவிடும்.

மூலை திருப்புவது, நுனி செருகுவது, வாய் கட்டுவது ஆகியவற்றைப் பெரும்பாலும் பெண்களே தாயிடமிருந்து மகளாகக் கற்று வந்தார்கள். அவ்வறிவு ஏட்டில் இருப்பதிலும் விரல்களில் இருப்பதே அதிகம். இழைக்கத் தெரிந்த ஒருவர் கற்பிக்காமற் போய்விட்டால் அவர் அறிந்த முறையும் அவரோடு போய்விடும். நூலகத்தில் தேடி எடுக்க முடியாது.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் ஓலை இழைக்கும் ஓர் அம்மாவிடமோ ஆச்சியிடமோ சென்று, அருகிலிருந்து கடைசிவரை பாருங்கள். கீலம் எத்தனை, அகலம் எவ்வளவு, மூலையில் எந்தக் கீலம் எதன் மேலே ஏறுகிறது என்பதைக் கொப்பியிற் படமாக வரையுங்கள். அவர் வழங்கும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் ஓலையோ கடதாசிக் கீலமோ எடுத்து நீங்களும் ஒன்று இழைத்துப் பாருங்கள்.

இழைக்கும்போது இந்தக் கேள்விக்கும் விடை காணுங்கள்: நான்கு மூலைகளுக்குப் பதிலாக மூன்றே மூலைகள் வைத்தால் சுவர் எப்படி நிற்கும்? ஐந்து வைத்தால் எப்படி நிற்கும்? கணக்கிட்டு முதலில் விடையை எழுதிவையுங்கள். பிறகு இழைத்துச் சரிபாருங்கள்.